ஒரு காய் போதும்

எங்கள் வளவு மாமரத்தில் ஓர் ஓர்க்கிட் இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியில் முறிந்து விழுந்த கிளையிலிருந்து அம்மம்மா எடுத்துவந்து கயிற்றால் கட்டியது. வெள்ளையும் ஊதாவும் கலந்த பூங்கொத்து நரிவால் போலத் தொங்கும். இலங்கையில் இதற்கு மட்டக்களப்பு ஓர்க்கிட் என்றே பெயர். தாவரவியலில் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. அசாமில் பிஹு ஆடும் பெண்கள் கூந்தலில் சூடுவதும் இந்தப் பூதான்.

பூத்த நாட்களில் எங்கள் ஊரான தம்பிலுவிலில் யார் வந்தாலும் ஒரு துண்டு கேட்பார்கள். எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தால் தாய்ச்செடி மிஞ்சாது. காட்டு மரங்களில் பிடுங்கவும் மனம் வரவில்லை. அதனால் விதையில் இறங்கினேன்.

முதலில் விதையை அறிய வேண்டும். நெல்மணிக்குள் முளைக்குத் தேவையான சோறு இருக்கிறது. ஓர்க்கிட் விதைக்குள் அது கிடையாது; வெறும் தூசி. காட்டில் ஒருவகைப் பூஞ்சைதான் அதற்கு உணவூட்டுகிறது. இதை 1899இல் பிரெஞ்சுக்காரர் நோயல் பெர்னார்ட் கண்டார். பூஞ்சை இல்லாமலே சீனி கலந்த கூழில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் அமெரிக்கர் லூயிஸ் நட்சன் காட்டினார். நாம் செய்வதும் அதையே.

காய்: வைகாசியில் பூத்ததும் பல் குத்தும் குச்சியால் மகரந்த உருண்டையை எடுத்து, அடுத்த வீட்டுச் செடியின் பூவில் வைத்தேன். காயை ஐந்து மாதம் விட்டு, ஐப்பசியில் பச்சையாகவே பறித்தேன். முதல் வருஷம் வெடித்த காயைப் பறித்ததால் பன்னிரண்டு போத்தலில் ஒன்பதில் பூஞ்சணம் பிடித்தது. வெடிக்காத காயின் உள்ளே கிருமி இருக்காது. வெளித்தோலைச் சுத்தம் செய்தால் போதும்.

கூழ்: தண்ணீர் 850 மில்லி, இளநீர் 150 மில்லி, சீனி 20 கிராம், கடப்பாசித் (அகார்) தூள் 8 கிராம், ஓர்க்கிட் உரம் 1 கிராம். காய்ச்சிப் போத்தல்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் 20 நிமிடம் அவிக்க வேண்டும். கடப்பாசியை அக்கரைப்பற்றில் வாங்குவேன். “நோம்பு இல்லாத மாசத்திலயும் கடப்பாசியா ரீச்சர்?” என்று கேட்ட கடைக்காரக் காக்காவின் வீட்டிலும் இப்போது ஒரு கன்று வளர்கிறது.

விதைப்பு: குசினியில் மின்விசிறியை நிறுத்தி, கதவு யன்னலைச் சாத்துங்கள். காயைச் சவர்க்காரத்தால் கழுவி, துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். இடியப்பப் பானை ஆவிக்கு மேல் ஒரு கம்பித்தட்டை வைத்து, அந்த ஆவிக்குள்ளேயே காயை வெட்டி விதையைத் தூவி மூடுங்கள். ஆவி கையைச் சுடும், அவசரப்படாதீர்கள். ஆவி மேலெழும் இடத்தில் காற்றுத் தூசி இறங்காது.

காத்திருப்பு: நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். சில வாரங்களில் தூசி பச்சை மணிகளாக உப்பும். பிறகு இலை, அதன்பின் வேர். இடையில் ஒரு தடவை புதிய கூழுக்கு மாற்ற வேண்டும். அதையும் ஆவிக்கு மேலேயே செய்யுங்கள்.

வெளியே எடுத்தல்: என் பெரிய இழப்பு இங்கேதான். ஆனியில் எடுத்து வைத்த கன்றுகளை இரண்டே நாளில் வறண்ட கச்சான் காற்று கருக்கிவிட்டது. கார்த்திகை பிறந்து காற்றில் ஈரம் ஏறும்வரை பொறுத்திருக்க வேண்டும். கூழைக் கழுவிவிட்டு, பொச்சுத் துண்டும் கரியும் கலந்த சட்டியில், மழை நேரே விழாத தாழ்வாரத்தில் வையுங்கள். பொச்சைப் பல நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை நீக்குங்கள். கடலோரக் கிணற்று நீரிலும் உப்புண்டு. கன்றுக்கு மழைநீரே நல்லது.

பூக்க ஐந்தாறு வருஷமாகலாம். அதுவரை வேர்நுனி பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சையாக இருந்தால் செடி வளர்கிறது.

ஒரு காய்க்குள் எங்கள் ஊர் முழுவதற்கும் போதுமான விதை இருக்கிறது. இப்போது கேட்டு வருகிறவர்களுக்குத் தாய்ச்செடியில் நான் கத்தி வைப்பதில்லை. ஒரு கன்றைக் கொடுத்து, கச்சான் படாத பக்கமாக மரத்தில் கட்டச் சொல்கிறேன். அம்மம்மா கட்டிய செடி மாமரத்தில் முழுசாக இருக்கிறது.