காமிராவும் கணிப்பொறியும் பேச மறுத்தால்

பொட்டலத்தில் அச்சாகும் மாதம், ஆண்டு, விலை ஆகியவற்றைக் காமிரா வைத்துச் சரிபார்க்கும் முறை இன்று பல பொட்டலக் கூடங்களில் உண்டு. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி இவ்விவரங்கள் கட்டாயம். காமிரா படம் அனுப்பாத நேரத்தில் தேதியில்லாத சரக்கு லாரி ஏறிவிட்டால் நஷ்டமும் கெட்ட பெயரும் நமக்கே. எனவே பழுது பார்ப்பவர் வரும்வரை கையால் பார்த்தே சரக்கை அனுப்புவோம். அதற்குள் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதிப்போம்.

1. கேபிள்: காமிராவுக்கு மின்சாரம் வருகிறதா, இரு முனைகளிலும் விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும். கிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் தேவை. ஒரு ஜோடி அறுந்தால் வேகம் 1000 மெகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கலாம். இணைப்பே விட்டும் போகலாம். நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. மோட்டார் ஒயரை ஒட்டிக் கேபிள் போக வேண்டாம்.

2. ஐ.பி. எண்: இரண்டும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். கணிப்பொறி 192.168.10.1 என்றால் காமிரா 192.168.10.2 ஆகலாம், இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. ஒரே எண்ணை இரு கருவிகளுக்குத் தரலாகாது. அலுவலக நெட்வொர்க்கின் வரிசை வேறாக இருக்கட்டும். 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், அக்கருவிக்கு யாரும் எண் தரவில்லை, தானே எடுத்துக்கொண்டது என்று பொருள்.

3. பிங்: கணிப்பொறியிலிருந்து காமிராவின் எண்ணுக்குப் பிங் கொடுக்கவும். பதில் வந்தும் படம் வராவிட்டால் ஃபயர்வால் தடுக்கலாம். அதை அடியோடு நிறுத்தாமல், காமிரா மென்பொருளுக்கு மட்டும் அனுமதி தரவும். வேறொரு மென்பொருள் காமிராவைப் பிடித்து வைத்திருந்தாலும் படம் வராது, அதை மூடவும்.

4. படம் துண்டு துண்டாக வந்தால்: பாக்கெட் அளவைப் பார்க்கவும். வழக்கமான அளவு 1500 பைட். காமிராவில் 9000 என்று வைத்தால் கணிப்பொறியின் கார்டு, நடுவிலுள்ள சுவிட்ச் இரண்டும் அதை ஏற்க வேண்டும். கணக்கும் போட்டுப் பார்ப்போம்: 50 லட்சம் புள்ளி கொண்ட கருப்பு வெள்ளைப் படம் சுமார் 50 லட்சம் பைட். நொடிக்கு 20 படம் என்றால் 10 கோடி பைட். கிகாபிட் கேபிளின் உச்சமே நொடிக்கு 12.5 கோடிதான். அத்தகைய இரு காமிராக்கள் ஒரே கேபிளில் அடங்கா.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். சரியாக ஓடும் நாளிலேயே எண்களையும் அளவுகளையும் ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்தின் அருகே ஒட்டி வைப்போம். பழுதான நாளில் பாதி வேலையை அந்த அட்டையே முடித்துவிடும்.