வீட்டிலேயே ஒரு பழைய பேஸ்பால் கார்டு

பேஸ்பால் பைத்தியமான அமெரிக்கத் தாத்தாவுக்குப் பிறந்தநாள் பரிசு என்ன வாங்குவது என்று திண்டாட வேண்டாம். 1909-11இல் சிகரெட் பெட்டிகளில் வந்த டி206 கார்டு பாணியில் அவரையே ஆட்டக்காரராக்கிவிடுங்கள்.

1. கார்டுக்கான அட்டையை 2½ × 3½ அங்குலத்தில் வெட்டுங்கள். டி206 இதைவிடச் சிறியது. ஆனால் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் உறை இந்த அளவுக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

2. அவருடைய இளவயதுப் படத்தை ஸ்கேன் செய்யுங்கள். அசலில் கத்தரி வைத்தால் பரிசோடு சண்டையும் வரும்.

3. பின்னணியை நீக்கி ஒரே வண்ணம் பூசுங்கள். சுற்றிலும் வெள்ளை விளிம்பு, அடியில் பழுப்பு எழுத்தில் பெயரும் ஊரும் போதும். அலங்காரம் கூடினால் பழமை போய்விடும்.

4. தாளைக் கெட்டியான தேநீரில் நனைத்து, நன்றாக உலர்த்திய பிறகே அச்சிடுங்கள். அச்சிட்டபின் நனைத்தால் இங்க்ஜெட் மை கரைந்து ஓடும்.

5. அட்டையில் ஒட்டக் குச்சிப் பசையே நல்லது. நீர்ப்பசை தாளைச் சுருக்கும். ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள், வளையாது.

6. மூலைகளை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். கூரான மூலை புதுசு என்று காட்டிக் கொடுக்கும்.

7. பின்பக்கம்தான் உயிர். ஆட்டப் புள்ளிவிவரத்துக்குப் பதில் 'பேரன்கள்: 3, எரித்த பார்பிக்யூ: கணக்கில்லை' என்று எழுதுங்கள், எல்லோரும் முதலில் படிப்பது அதைத்தான். ஓரத்தில் செய்த ஆண்டையும் குறியுங்கள். பிற்காலத்தில் யாரும் அசல் என்று ஏமாற மாட்டார்கள்.