பத்துமலை ஏறினால் போதுமா?

இந்த மாதப் பாடம் நம் இதயத்தைப் பற்றியது.

எனக்கு வயது 27. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து பத்துமலையின் 272 படிகளையும் ஒரே மூச்சில் ஏறிவிடுவேன். "நமக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்று ஒரு தெம்பு. போன வருஷம் கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவப் பரிசோதனை. நான் நாற்காலி அடுக்கப் போனவன். "நீயும் உக்காருப்பா" என்று தாதியக்கா இரத்த அழுத்தம் பார்த்தார். 156/98. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். குறையவில்லை.

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. அதுதான் இதில் உள்ள சூது. உயர் இரத்த அழுத்தம் வலிக்காது. சத்தமில்லாமல் இரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும். அங்கே கொழுப்பு படியும். சர்க்கரையும் சிகரெட்டும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால், இதயத்தில் மாரடைப்பு, மூளையில் பக்கவாதம்.

"வீட்டுல யாருக்காவது இருக்கா?" என்று அக்கா கேட்டார். அப்பா 49 வயதில் மாரடைப்பில் போனார். நாங்கள் அதை விதி என்றே சொல்லி வந்தோம். அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா தங்கைக்கு 65 வயதுக்கு முன்போ இதய நோய் வந்திருந்தால் நமக்கும் அபாயம் கூடுதல். இதை விசாரிக்கக் காசு வேண்டாம். ஆனால் நம் வீடுகளில் யார் பேசுகிறோம்?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4!

ஒரு தடவை பார்த்த அளவை வைத்து நோய் என்று முடிவு கட்டமாட்டார்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினேன். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து சர்க்கரையும் கொழுப்பும் பார்த்தார்கள். இடுப்பையும் அளந்தார்கள், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டக்கூடாது. வீட்டில் காலையும் இரவும் அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு போனேன். இறங்கவே இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். இந்த வயசுலேயேவா என்று முதலில் வெட்கமாக இருந்தது. நடுராத்திரி மாமாக் கடை மீ கோரேங்கை விட்டதுதான் அதைவிடக் கஷ்டம்.

அம்மாவுக்கு 40 தாண்டிவிட்டது, உதவித்தொகையும் பெறுகிறார். அதனால் பெக்கா பி40 திட்டத்தில் தனியார் கிளினிக்கிலேயே இலவசமாகப் பார்த்தாயிற்று. தம்பிதான் இன்னும் "அடுத்த வாரம்ணே" என்கிறான். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். நானே மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறேன்.