ஒரு ஆம்ப் போதும் ராசா

அன்பு ராசா கதிருக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தில்தான் சந்தேகம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் ரூம்மேட் போட்டுக்கொடுத்துவிட்டான். "அவ்வளவு நேரமா கிட்டார் வாசிக்கிறான்?" என்று பெருமையாகக் கேட்டேன். "எங்க அங்கிள் வாசிக்கிறான், ஆம்பை மாத்தி மாத்திப் பாத்துட்டு இருக்கான்" என்றான். உன் பெரியம்மா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

லேப்டாப்பில் ஓடுகிற இன்னொரு ஆம்ப் ப்ளகின் ஆஃபரில் வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அடுத்த வரியிலேயே, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, இதில் இனிமேல் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று அலுத்துக்கொண்டிருந்தாய். அலுத்துப்போன சாமானையே மறுபடி வாங்கத் துடிக்கிற புத்தி நம் குடும்பச் சொத்து. உன் அப்பனிடம் எத்தனை டார்ச் லைட் இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார்.

ஆனாலும் உன் அலுப்பில் நியாயம் இருக்கிறது. 1998-ல் லைன் 6 கம்பெனி பாட் என்ற சின்னச் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தபோது, அதுவே அதிசயம். தூக்க முடியாத ஆம்புகளின் சத்தமெல்லாம் கைக்கடக்கமாக வந்துவிட்டது. குறையும் இருந்தது. கம்பியை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் கரகரப்பு பெரிதாக மாறாது. விரலுக்கும் காதுக்கும் நடுவில் ஏதோ ஒரு திரை. அந்தத் திரையை விலக்குவதுதான் அதற்குப் பிறகு எல்லோருக்கும் வேலையாக இருந்தது. 2011-ல் ஜெர்மனியின் கெம்பர் என்ற கருவி வேறு வழியில் வந்தது. ஆம்பின் சர்க்யூட்டைப் படித்து எழுதுவதை விட்டுவிட்டு, நம் எதிரில் இருக்கிற ஆம்புக்குள் சில சத்தங்களை அனுப்பி, அது எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டு, அதையே பதிந்துகொண்டது. பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழகத்து ஆட்கள் நரம்பு வலைப்பின்னலை வைத்து அதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்யலாம் என்று காட்டினார்கள். இப்போது ஸ்டீவன் அட்கின்சன் எழுதிய நியூரல் ஆம்ப் மாடலர் இலவசமாகவே கிடைக்கிறது. சில நிமிடச் சத்தத்தை ஆம்புக்குள் விட்டுப் பதிவுசெய்து கொடுத்தால், கம்ப்யூட்டர் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறது. நல்ல பதிவாக இருந்தால், பாட்டுக்குள் வைத்தபிறகு எது அசல், எது நகல் என்று தேர்ந்த காதுக்கே பிடிபடுவதில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இப்படிப் பிடித்த சத்தம் பெரும்பாலும் கல்யாண ஆல்பத்து முகம் மாதிரி. அந்த நேரத்துச் சிரிப்பு அச்சு அசலாக இருக்கும். அதே முகத்தை வேறு மாதிரி சிரிக்கச் சொன்னால் சிரிக்காது. ஆம்பின் நாப்கள் எந்த இடத்தில் இருந்தபோது பிடித்தார்களோ, அந்த ஒரு இடம்தான் நம் கையில். எல்லா நாப்களின் எல்லா நிலைகளையும் பிடிக்கிற வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. ஆக, நகல் எடுக்கிற வேலையில் மிச்சம் இருப்பது கொசுறுதான்.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை ஓடுகிறது. 1962-ல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் கடை ஆட்கள், அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்து ஒன்று கட்டினார்கள். சர்க்யூட் கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் அந்த ஊரில் கிடைத்த வால்வு வேறு, டிரான்ஸ்பார்மர் வேறு, ஸ்பீக்கர் வேறு. பாஸ்மேன் மாதிரியே வரவில்லை. வராமல் போனதில்தான் மார்ஷல் பிறந்தது. ராக் இசைக்கே அது தாய்வீடு ஆனது. 1980-களில் டாம் ஷோல்ஸ் செய்த ராக்மேன் என்ற ஹெட்போன் ஆம்பும் அப்படித்தான். பெரிய ஆம்பை அது முழுசாக ஏமாற்றவில்லை. அதற்கென்று ஒரு பளபளப்பு இருந்தது. டெஃப் லெப்பர்ட் குழு 1987-ல் போட்ட 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தின் கிட்டாரில் பெரும்பாலும் அந்தப் பளபளப்புதான்.

கவனித்தாயா? கொஞ்சம் பிசகின நகல்தான் புது அசல் ஆகியிருக்கிறது. இன்றைக்கு வருகிற நகல் பிசகுவதே இல்லை. அதனால்தான் உனக்கு எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது. குறை உன் காதில் இல்லை. இன்னொரு மார்ஷல், இன்னொரு வாக்ஸ் ஆம்ப் என்று எத்தனை வாங்கினாலும் 1960-களையே வேறு வேறு உறையில் போட்டு வாங்குகிறாய்.

அந்தக் காலத்துக்காரர்கள் கையில் கிடைத்ததைச் சும்மா விட்டதில்லை. கிட்டார்காரர் லிங்க் ரே 1958-ல் 'ரம்பிள்' வாசிக்க ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், பள்ளிக்கூட வயசு தாண்டாத பையன், சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்தார். 1964-ல் 'யூ ரியலி காட் மீ' பாட்டில் உறுமுகிறது அந்தக் கிழிசல்தான். நாங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த காலத்தில் இப்படி ஏதாவது செய்திருந்தால் மைக்செட்காரர் அன்றைக்கே எங்களைப் பந்தலில் கட்டி வைத்திருப்பார். உனக்கு அந்தப் பயமே இல்லை. உன் லேப்டாப்பில் வால்வு கருகாது, ஸ்பீக்கர் கிழியாது, மைக்செட்காரர் சண்டைக்கு வரமாட்டார். ஸ்பீக்கர் கேபினெட்டை ஆம்புக்கு முன்னால் போட்டுப் பார். ஸ்பீக்கருக்குப் பதிலாகப் பித்தளைக் குடத்துக்குள் கைதட்டி எடுத்த பதிவை அந்த இடத்தில் மாட்டு. உன் தங்கை பாட்டைக் கெயின் ஏற்றி உள்ளே அனுப்பு. அவள் அடிக்க வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்கெல்லாம் அசல் என்று எந்த ஊரிலும் ஒன்று கிடையாது. புதுமை மிச்சம் இருந்தால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதை யாரும் ஆஃபரில் விற்கமாட்டார்கள்.

சரி, இனி பெரியப்பாவின் வழக்கமான நச்சரிப்பு. நீ அனுப்பின பாட்டில் கிட்டார் மங்கலாக இருந்ததற்கு ஆம்ப் காரணமில்லை என்று நினைக்கிறேன். கிட்டாரை லேப்டாப்பில் மாட்டுகிற இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினாயா? கிட்டார் பிக்கப்புக்கு எதிரில் சுமார் பத்து லட்சம் ஓம் தடை இருக்கவேண்டும். அழுத்தாவிட்டால் பல இன்டர்ஃபேஸில் அது பல மடங்கு குறைந்துவிடும். மேல்சுரத்தின் கூர்மை அங்கேயே செத்துப்போகும். அப்புறம் நீ எத்தனை ஆயிரத்துக்கு ஆம்ப் வாங்கினாலும் உயிர் வராது.

விரலுக்குப் பின்னால் சத்தம் இழுக்கிறது என்றாயே, பஃபர் என்ன வைத்திருக்கிறாய்? நொடிக்கு 48,000 சாம்பிளில் பஃபரை 128 வைத்தால் தாமதம் 3 மில்லி நொடிக்கும் குறைவு. 512 வைத்தால் 10 மில்லி நொடியைத் தாண்டிவிடும். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி நொடி. அப்படியென்றால் 512-ல் நீ ஆம்பை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வாசிக்கிறாய். உள்ளே வருவது, வெளியே போவது எல்லாம் சேர்ந்தால் இன்னும் தூரம். வாசிக்கும்போது பஃபரைக் குறைத்துக்கொள், மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்.

எங்கள் குழுவில் மூத்த கிட்டார்காரர் ஒருவர் இருந்தார். ஒரே ஒரு பழைய வால்வு ஆம்ப். அதன் நாப்பை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. பல்லவிக்குக் கார்டு போடும்போது கிட்டாரின் வால்யூம் பாதியில் இருக்கும், சத்தம் தண்ணீராக ஓடும். இடையிசை வருவதற்கு ஒரு தாளம் முன்னால், ஸ்ட்ரிங்கிலிருந்து கை எடுக்காமலே சுண்டுவிரல் மட்டும் இறங்கி அந்த நாப்பை உருட்டும். அவ்வளவுதான், அதே ஆம்ப் கர்ஜிக்கும். முடிந்ததும் விரல் தானாகத் திருப்பிவிடும். கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. உன் கிட்டாரில் அந்த நாப் எப்போதும் பத்திலேயே நிற்கிறது, வீடியோவில் பார்த்துவிட்டேன். இன்றைய ப்ளகின்கள் இந்த உருட்டலுக்கு நன்றாகவே பதில் சொல்லும். நீதான் கேட்பதில்லை.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேள். ஆம்ப் சேராத வெறும் கிட்டார் ட்ராக்கைத் தனியாக ஒரு ஃபைலாக வை. ஆம்ப் சேர்த்த சத்தத்தையும் ஆடியோவாக இறக்கி வை. 2019-ல் மேக் கேட்டலினா வந்தபோது 32 பிட் ப்ளகின்கள் ஒன்றும் திறக்கவில்லை. சத்தத்தை இறக்கி வைக்காதவர்களின் பழைய பாட்டுகள் ஊமையாய் நின்றன. ப்ளகின் கம்பெனிகள் வரும், போகும். நீ இருபது வயதில் வாசித்த வாசிப்பு மறுபடி வராது. ஃபைலுக்குத் தேதியும் பாட்டுப் பேரும் போடு. 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' என்று வைத்திருக்கிறாயே, அதைப் பார்த்தால் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிற உன் அத்தைக்கு மயக்கமே வந்துவிடும்.

ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் செய். ஹெட்போன் சத்தத்தைக் குறை. ராத்திரியில் காது களைத்திருக்கும்போதுதான் கை அதை ஏற்றிக்கொண்டே போகும். போன காது திரும்ப வராது.

ஆஃபரை விட்டுவிடு. இருப்பதில் ஒரு ஆம்பை எடுத்துக்கொண்டு பொங்கல் வரைக்கும் அதையே வாசி. அதற்குள் அது உனக்கு அடங்கவில்லை என்றால் அடுத்ததை நானே வாங்கித் தருகிறேன். அடங்கிவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல ஸ்ட்ரிங் செட் வாங்கிக்கொள். இப்போது போட்டிருப்பது துருப்பிடித்திருக்கிறது. கையையும் கழுவிவிட்டு வாசி.

ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்துவிட வேண்டும். ரூம்மேட்டிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
பெரியப்பா