பழைய பாக்கி என்று கடிதம் வந்தால்...



கடைக்குத் தபாலில் ஒரு கடிதம் வருகிறது. "2019-ஆம் ஆண்டு சரக்கு எடுத்த வகையில் தாங்கள் ரூ.48,600 பாக்கி வைத்துள்ளீர்கள். ஏழு நாளில் கட்டத் தவறினால் வழக்கும் ஜப்தியும் தொடரும்" என்று எழுதியிருக்கிறது. கீழே கேள்விப்படாத ஒரு வசூல் நிறுவனத்தின் பெயர், ரப்பர் ஸ்டாம்ப், செல்போன் எண், பணம் செலுத்த ஒரு க்யூ.ஆர். கட்டம். ராயபுரமானாலும் திருவொற்றியூரானாலும் எண்ணூரானாலும், கடை நடத்தும் எவருக்கும் இப்படி ஒரு கடிதம் வரலாம்.

இதில் இரண்டு விதமாக நஷ்டப்படலாம். போலிக் கடிதத்துக்குப் பயந்து பணத்தைக் கட்டுவது ஒன்று. உண்மையான நோட்டீஸைப் போலி என்று எண்ணிக் கிழித்துப் போடுவது மற்றொன்று. முதலாவதில் பணம் போகும். இரண்டாவதில் வழக்கு வரும், நாணயமும் போகும். ஆகவே பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கீழ்க்கண்டவாறு சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

முத்திரை சாட்சியல்ல

கடலூர் மாவட்டம் பண்ருட்டியில், பாரத ஸ்டேட் வங்கியின் பெயரில் ஒரு போலிக் கிளையையே அமைத்திருந்தது 2020 ஜூலையில் பிடிபட்டது. மூவர் கைதாயினர். வங்கியின் பெயரில் ரப்பர் ஸ்டாம்ப், சலான் எல்லாம் தயாராக இருந்தன. இது எப்படி வெளியே வந்தது? புதுக் கிளை திறந்திருக்கிறீர்களா என்று வாடிக்கையாளர் ஒருவர், அவ்வூரில் முன்பே இருந்த உண்மையான கிளையில் போய்க் கேட்டார். அவ்வளவுதான்.

நமக்கும் அதுவே பாடம். கடிதத்தில் அச்சிட்ட எண்ணுக்குப் போன் செய்து "இது உண்மையா?" என்று கேட்டால், "உண்மை" என்றுதான் பதில் வரும். உங்கள் பழைய பில்லில் உள்ள எண்ணில், உங்களுக்குத் தெரிந்த முகவரியில் கேளுங்கள். செங்குன்றம் அரிசி மண்டி பாக்கி என்றால் அந்த மண்டிக்கும், கோவிந்தப்ப நாயக்கன் தெரு மளிகை மொத்தக் கடை பாக்கி என்றால் அந்தக் கடைக்கும் நேரில் ஒரு நடை போய் வருவது நல்லது.

முதலில் நம் பேரேடு

யாரிடம், எந்தத் தேதியில், எந்தப் பில் எண்ணில் வாங்கிய சரக்கு என்று கடிதத்தில் உள்ளதா? இல்லையென்றால் அங்கேயே சந்தேகம் வரவேண்டும். இருந்தால் பேரேட்டையும் வங்கிக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. விற்றவரின் 15 இலக்கப் பதிவு எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடலாம், தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். அந்தப் பில் உங்கள் கொள்முதல் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்றும் ஆடிட்டரை விட்டுப் பார்க்கச் சொல்லலாம். விற்றவர் கணக்குத் தாக்கல் செய்யத் தவறியிருந்தால் பில் ஏறாமலும் போகலாம். எனவே இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கேட்பவருக்கு உரிமை உண்டா?

கடனை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, அது கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட எழுத்து மூலமாகவே நடக்க வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். வெறும் வசூல் ஏஜெண்ட் என்றால் அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். வங்கிக் கடன் என்று சொன்னால் கிளைக்கே போய் விசாரியுங்கள். வங்கியின் வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு உத்தரவு.

அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள்

சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டு அவகாசம். தவணை பேசாத கடனுக்குச் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்தும் கணக்கு. கொரோனா காரணமாக 15-3-2020 முதல் 28-2-2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கழித்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவகாசத்துக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். அவகாசம் முடிந்த கடனைக்கூட "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். "இப்போது ஆயிரம் ரூபாய் மட்டும் கட்டி, இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்பதன் சூட்சுமம் இதுதான். பாக்கி நிஜம் என்று தெரிந்தால் காலம் கடந்திருந்தாலும் கொடுப்பது வியாபாரியின் தர்மம். ஆனால் அதை வாங்கியவரிடமே கொடுத்து, ரசீது பெற வேண்டும்.

ஒதுக்கக் கூடாதவை

செக் திரும்பியதற்கான நோட்டீஸ் கைக்கு வந்தால் 15 நாளில் பணம் கட்ட வேண்டும். தவறினால் குற்ற வழக்கு. வக்கீல் நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதில் கொடுங்கள். கோர்ட் சம்மன் என்றால், வழக்குக்குரிய 16 இலக்க எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் பார்க்கலாம். நீதிமன்ற அலுவலகத்திலும் கேட்கலாம். ஜி.எஸ்.டி. பாக்கி என்று வந்தால், உங்கள் கணக்கில் நுழைந்து நோட்டீஸ் பகுதியைப் பாருங்கள். வரியை எவருடைய செல்போன் எண்ணுக்கும் அனுப்ப வேண்டியதில்லை. சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பதில் எழுதும் மாதிரி

"தங்கள் ...... தேதியிட்ட கடிதம் கிடைத்தது. அதில் கண்ட பாக்கியை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பில் நகல், சரக்குப் பெற்றதற்கான கையெழுத்துள்ள சலான், கணக்கு விவரம், வசூல் செய்யும் அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்பவும். இக்கடிதம் எந்தக் கடனையும் ஏற்றுக்கொண்டதாகாது."

இதைத் தபாலில் அனுப்பி, ரசீதையும் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். உண்மையான வியாபாரி காகிதங்களை அனுப்புவார். மோசடிக்காரன் மீண்டும் மிரட்டுவான், இல்லையேல் மறைந்துவிடுவான்.

ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். நேரம் கடக்கக் கடக்க, பணம் கை மாறிக்கொண்டே போகும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கொடுக்க வேண்டிய கடனாக இருந்தாலும் பேரேட்டைப் பார்த்தே கொடுப்போம்.