கொலுசுக் கடையில் தலை குனிய வேண்டுமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடையில் வேலை பார்க்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பார்வையைத் தாழ்த்த வேண்டுமென்று தலை குனிந்தே பேசினால், மதிக்கவில்லை என்று முதலாளியிடம் புகார் போகிறது. என்ன செய்வது?

பதில்: நிமிர்ந்து பேசுங்கள், தம்பி. தாழ வேண்டியது பார்வை, தலை அல்ல.

குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்தும் கட்டளையை முதலில் ஆண்களுக்குத்தான் இடுகிறது. பெண்களுக்கானது அடுத்த வசனத்தில். மறைந்திருக்கும் அணி தெரியும்படி காலைத் தட்டி நடக்க வேண்டாம் என்பதும் அங்கேதான் வருகிறது. கொலுசு விற்பவர் அறிந்திருக்க வேண்டிய வசனம் அது.

நபிகளாரின் இறுதி ஹஜ்ஜில் நடந்த ஒரு சம்பவம் புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. கத்அம் குலத்துப் பெண் ஒருவர், வாகனத்தில் அமர முடியாத முதிய தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று கேட்க வந்தார். நபிகளாருக்குப் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் ஃபள்ல் இப்னு அப்பாஸ் அந்தப் பெண்ணையே பார்த்தார். நபிகளார் ஃபள்லின் முகத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். அந்தப் பெண்ணை அனுப்பிவிடவில்லை. செய்யலாம் என்று பதிலும் சொன்னார்கள்.

தற்செயலாகப் படும் பார்வைக்கும் வழி உண்டு: உடனே திருப்பிக்கொள்வது.

ஆகவே எடை, விலை, செய்கூலி எல்லாம் முகம் கொடுத்தே சொல்லுங்கள். கண் தராசிலும் நகையிலும் இருக்கட்டும். கொலுசை நீங்கள் காலில் மாட்டிவிட வேண்டாம். அவர்களே போட்டுப் பார்க்கட்டும், அல்லது உடன் வேலை செய்யும் பெண்ணை அழையுங்கள். இன்றே முதலாளியிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.