யாரும் மோதாமலே வரும் காயம்

காற்பந்தில் காயம் என்றதும் எதிரணிக்காரன் காலை வாரிவிடுவதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் ஆளை மாதக்கணக்கில் உட்கார வைக்கும் காயங்கள் பல, பக்கத்தில் யாருமே இல்லாதபோது வருகின்றன.

2006 உலகக் கிண்ணத்தில், ஜூன் 20 அன்று இங்கிலாந்து சுவீடனுடன் மோதியது. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே மைக்கேல் ஓவனின் வலது முழங்கால் மடங்கியது. யாரும் அவரை இடிக்கவில்லை. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்துவிட்டது.

எப்படி என்று பார்ப்போம்.

முழங்கால்: பூட்ஸ் ஸ்டட் புல்லில் குத்தி நிற்கிறது, உடம்பு மட்டும் சட்டென்று திரும்புகிறது. அந்த முறுக்கு விசை முழுவதும் நடுவிலுள்ள முழங்காலில் இறங்குகிறது. குதித்துவிட்டு முழங்காலை மடக்காமல் இறங்கினாலும் இதே ஆபத்துதான். அறுவை சிகிச்சை செய்தால் திடலுக்குத் திரும்பப் பெரும்பாலும் 9 மாதமாவது ஆகும்.

கணுக்கால்: பாதம் உள்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்கத் தசைநார் கிழியும். சரியாக ஆறாவிட்டால் அதே இடம் திரும்பத் திரும்பச் சுளுக்கும்.

பின்தொடை: வேகமாக ஓடும்போது, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இந்தத் தசை நீண்டுகொண்டே இழுத்தும் பிடிக்கிறது. களைத்த தசை அப்போது கிழிகிறது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஃபுட்சல் அரங்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். "காசு கட்டியாச்சு, வா விளையாடலாம்" என்று நேராக இறங்கிவிடுகிறோம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, அடுத்த நிமிடமே ஸ்பிரிண்ட் அடிக்கிறது!

ஃபிஃபாவின் '11+' பயிற்சிக்கு 20 நிமிடம் போதும்: மெதுவான ஓட்டம், வலிமை, சமநிலை, குதித்து இறங்கும் முறை, பிறகு வேக ஓட்டம். நார்வேயில் இளம் வீராங்கனைகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அரங்கு திறக்கும் முன்பே வாசலில் பாதியையாவது செய்துவிடலாமே?

காயம் பட்டுவிட்டால்? உடனே எண்ணெய் போட்டு 'சுளுக்கு வழிக்க' வேண்டாம். முதல் இரண்டு நாள் அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். ஆட்டத்தை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வையுங்கள், கட்டுப் போடுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். 'டப்'பென்று சத்தம் கேட்டாலோ, சில மணி நேரத்தில் வீங்கினாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ டாக்டரிடம் போங்கள்.

உடம்பைக் கோயில் என்று சொன்னவர் நம் திருமூலர். நண்பன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது "சமாளிடா, இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று சொல்லாதீர்கள். அவனை வெளியே உட்கார வையுங்கள். அடுத்த வருடமும் அவன் உங்களோடு விளையாட வேண்டும்.